மணப்பாட்டில் கிடந்த ஸ்டெப்னி

1946 மே 6, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. காலையிலிருந்து ஒரே புழுதி. எங்கள் மோட்டார் ஷெட்டின் தகரக் கூரை ஓயாமல் தடதடத்தது.

மச்சாது ஐயாவின் கார் வந்து சேர்ந்தது. ஓடி வரவில்லை, இரண்டு காளையைப் பூட்டி இழுத்து வந்தார்கள். சண்டைக் காலம் முழுக்க அவருடைய சங்குக் கிட்டங்கியில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற வண்டி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். பிரெஞ்சு நாட்டு வண்டி, வயது இருபது. கொழும்பில் ஒரு தேயிலைத் தோட்டத் துரையிடம் வாங்கியதாம். எஞ்சின் பரவாயில்லை, ஷெட் மெக்கானிக் காதர் அண்ணன் பார்த்துக்கொள்வார். வேலை சக்கரத்தில்தான்.

நான்கும் அலுமினிய வார்ப்பு. கம்பியும் இல்லை, மரமும் இல்லை. எட்டுப் பட்டைகள், பிரேக் டிரம்மோடு சேர்த்து ஒரே வார்ப்பு. இப்படி ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் இப்போது பார்த்தால் அடுப்புக்கல்தான். விளக்கணைப்புக் காலத்தில், மேலே பறக்கிற விமானத்துக்கு மினுங்கக் கூடாதென்று, யாரோ தோணிக்குப் பூசும் கறுப்பு வர்ணத்தை மூன்று தடவை அடித்திருக்கிறார்கள். வர்ணத்துக்கு அடியில் உப்புக்காற்று புகுந்து வெள்ளை வெள்ளையாகப் பொங்கியிருக்கிறது.

ஐயாவுக்கு ஐம்பத்தெட்டு. மனைவி தவறிப் பன்னிரண்டு வருஷம். இந்த மாதம் 27-ம் தேதி மணப்பாடு கோயிலில் மறுகல்யாணம். பெண் அங்கே பள்ளிக்கூட டீச்சர், பெயர் பிலோமினா, வயது நாற்பத்தைந்து. தூத்துக்குடி மார்க்கெட்டில் இதுதான் பேச்சு, இதுதான் சிரிப்பு.

“சிரிக்கவன் சிரிக்கட்டும் தங்கச்சி. இந்தக் கார்லதான் அவளக் கூட்டிட்டு வரணும். சக்கரம் புதுசுல எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்.”

“புதுசுல எப்படி இருந்துச்சு ஐயா?”

ரொம்ப நேரம் யோசித்தார். “நல்லா இருந்துச்சு” என்றார்.

மே 7, செவ்வாய்

வெயில். பால் திரிந்துவிட்டது.

நான்கு சக்கரத்தையும் கழற்றியாயிற்று. டயர் கழற்ற என் வீட்டுக்காரரும் கை கொடுத்தார். பேச்சு மட்டும் இல்லை.

பட்டாளத்திலிருந்து திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. பர்மாப் பக்கம் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. போகிறதுக்கு முன்னால் மூன்று வாரத்தில் எனக்கு லேத் பழக்கிவிட்டுப் போனார். அதை வைத்து நானும் காதர் அண்ணனும் நாலரை வருஷம் ஷெட்டை ஓட்டினோம். இப்போது வருகிறவர்கள் அவரைப் பார்த்து வேலை சொல்லுகிறார்கள். அவர் என்னைப் பார்க்கிறார். நான் காதர் அண்ணனைப் பார்க்கிறேன். அண்ணன் கூரையைப் பார்க்கிறார்.

ஷெட் யாருடையது என்று யாரும் முடிவு பண்ணவில்லை. அத்தை மட்டும் பண்ணிவிட்டார்கள். “எம் மவந்தான் வந்துட்டாம்லா. இனி நீ அடுப்படியப் பாரு.”

கோயம்புத்தூரிலிருந்து அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர் கடுதாசி. மில்லில் நல்ல வேலை இருக்கிறதாம், கிளம்பி வரச் சொல்லி. படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 8, புதன்

என் தலையில் நானே ஒரு குட்டு.

இரும்புச் சக்கரத்துக்கு எப்போதும் செய்கிற மாதிரி பெரிய தொட்டியில் காஸ்டிக் சோடாத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். வர்ணம் பாளம் பாளமாகக் கழன்று வரும். அவர் டயர் கடைக்குப் போயிருந்தார். ஒரு சக்கரத்தைச் சங்கிலியில் கட்டி இறக்கினேன்.

தொட்டி சீறியது. நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடியது. காதர் அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “தூக்குமா, தூக்கு, தூக்கு!”

தூக்கினோம். வர்ணம் போய்விட்டது. கூடவே அலுமினியமும் ஒரு தோல் உரிந்து போய்விட்டது. சக்கரம் முழுக்கக் கரி. விளிம்பில் லேத் கடைசல் கோடுகள் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தன, வர்ணம் உதிர்ந்த இடத்தில் நேற்றுத்தான் விரலால் தொட்டுப் பார்த்தேன். இந்தச் சக்கரத்தில் அவை சுத்தமாக இல்லை.

வீட்டில் அலுமினியப் பானை வைத்துப் புழங்குகிறவள். சோடா பட்டால் கறுக்கும் என்று தெரியாதா எனக்கு? தெரியும். ஷெட்டுக்குள் வந்ததும் அந்தப் புத்தி எங்கே போயிற்று?

அவர் வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நாந்தான்” என்றேன்.

குனிந்து கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்!

“அங்கன எங்க ஆளு ஒருத்தன் ஏரோப்ளேன் றெக்கையத் தூக்கி இதுல ஊறப் போட்டாம்ளா. ராத்திரி போட்டுட்டுத் தூங்கப் போயிட்டான்.”

“காலையில எப்படி இருந்துச்சு?”

“காலையில இல்ல.”

காதர் அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சத்தம் கேட்டு அத்தை அடுப்படியிலிருந்து அகப்பையோடு எட்டிப் பார்த்தார்கள். ஐந்து மாதத்தில் அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்கிறேன். ஒரு சக்கரம் கெட்டுப்போனது உண்மை. ஆனால் சந்தோஷமாகப் படுக்கப் போகிறேன். இது தப்பா, தெரியவில்லை.

மே 10, வெள்ளி

மற்ற மூன்றுக்கும் அவர் சொன்ன வழி. தோணித் துறையிலிருந்து வர்ணம் கரைக்கிற தின்னர். சாக்கை நனைத்துச் சக்கரத்தில் சுற்றி, மேலே ஓலைப்பாய் போட்டு மூடி ஒரு நாள் ஊற வைப்பது. பிறகு சுரண்டுவது. இரும்பு படக்கூடாது, கீறிவிடும். பனை மட்டையைச் சீவி ஆறு சுரண்டி செய்தார். ஐந்து வருஷமாக இல்லாத கத்திச் சத்தம் வாசலில்.

ஒரு சக்கரம், எதிரெதிரே இரண்டு பேர். நான்கு பட்டை எனக்கு, நான்கு அவருக்கு. மத்தியானத்துக்குள் எனக்கு மூன்று முடிந்தது, அவருக்கு இரண்டு. “போட்டியா?” என்றார். “ஆமா” என்றேன்.

அத்தை: “சோறு ஆறுது. ரெண்டு பேருக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

வாங்க வேண்டியது: பழைய புளி, தேங்காய் நார் பிரஷ் 4, தட்டாரிடம் திராவகம் ஒரு குப்பி (காதர் அண்ணன் யோசனை), அத்தைக்கு மூக்குப்பொடி.

மே 12, ஞாயிறு

வர்ணம் போயிற்று. உப்பு அரித்த வெள்ளைப் பொருக்கு போகவில்லை.

ரசம் வைத்தால் அலுமினியப் பாத்திரத்தின் உட்புறம் பளிச்சென்று ஆகிவிடும். அதுதான் காரணம் என்று தோன்றி, புளியைக் கெட்டியாகக் கரைத்துச் சூடாக ஒரு பட்டையில் மட்டும் தடவிப் பார்த்தேன். அரை மணி. கழுவினால் பொருக்கு இளகிவிட்டது! அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகர்ந்து பார்த்து, “உப்பும் பெருங்காயமும் போட்டியா?” என்கிறார். கிண்டல் திரும்பி வந்துவிட்டது மனுஷனுக்கு.

மச்சாது ஐயா வீட்டுக் குசினியிலிருந்து நான்கு போத்தல் கள்ளுக் காடியும் வந்தது, கள்ளைப் புளிக்க வைத்த வினிகர். புளியைவிட இது இன்னும் மேல்.

காடியால் கழுவி, சங்கு அறுக்கிற பட்டறையில் வாங்கிய சங்குப்பொடியைச் சலித்துத் துணியில் தொட்டு ஒரு சாண் இடம் தேய்த்தேன். விடாமல் தேய்த்ததில் முகம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

கரிச் சக்கரத்துக்குத் திராவகம். கரி அப்படியே வழிந்து போனது. உள்ளே வெள்ளை. ஆனால் சொரசொரப்பு. விளிம்பு மொட்டை.

மே 13, திங்கள்

ஐயா வந்தார். நான் தேய்த்த இடத்தில் குனிந்து தன் மீசையைப் பார்த்துக்கொண்டார்.

“கண்ணாடி! இதேதான் தங்கச்சி, இதேதான்.”

எனக்கு நம்பிக்கை இல்லை. அச்சு மூடியைக் கழற்றினால் அதற்கு அடியில் காற்றே படாத ஓர் இடம், ஓர் உள்ளங்கை அகலம். அங்கே உலோகம் இப்படி மினுங்கவில்லை. வேறு மாதிரி இருக்கிறது. அதை ஐயாவிடம் சொன்னேன். அவர் (என் வீட்டுக்காரர்) பக்கத்தில் நின்று, “அவ சொல்லுததுதான் சரி ஐயா. மூடிக்கு அடியில பாருங்க” என்றார். எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. எழுதி வைக்கிறேன்.

ஐயா தாடையைச் சொறிந்தார். “அப்ப ஸ்டெப்னியத்தான் பாக்கணும். அதுல யாரும் வர்ணம் பூசல.”

“ஸ்டெப்னி இருக்கா! எங்கன ஐயா?”

காது மடலெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு. லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மணப்பாட்டுல.”

கதை இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் மணப்பாட்டு மணலில் கார் டயர் போய்விட்டது. சக்கரத்தை மாற்றியபோது இன்னொரு கோளாறு, லாரி வைத்து வண்டியை இழுத்துவர வேண்டியதாயிற்று. கழற்றிப் போட்ட சாமான்களைப் பக்கத்து வீட்டில் வைத்தார்கள். டீச்சரின் வீடு. மற்றதெல்லாம் மறுவாரமே வந்துவிட்டது. ஸ்டெப்னி, அதாவது கழற்றிய அந்தச் சக்கரம், மட்டும் வரவில்லை.

“எடுக்கத்தான் போவேன் தங்கச்சி. போனா காப்பி குடுப்பா. பேசிக்கிட்டிருப்போம். கெளம்பும்போது மறந்துரும்.”

“எத்தனை தடவ மறந்துச்சு?”

“மாசம் ஒருக்க.”

“சண்டைக் காலத்துல பெட்ரோலே இல்லையே. கார் ஓடலையே?”

“பஸ்ஸுல போவேன்.”

ஓடாத காருக்கு ஸ்டெப்னி எடுக்கச் சண்டைக் காலம் முழுக்கப் பஸ்ஸில் போயிருக்கிறார்! காதர் அண்ணன் காருக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்து ஒரு கனைப்பு மட்டும் வந்தது.

மே 15, புதன். மணப்பாடு போய் வந்தது.

நானும் அவரும் மட்டும். கல்யாணமான பிறகு இரண்டு பேருமாக எங்கும் போனதில்லை. காலை ஆறு மணிக் கரி பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுவது. ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சி. அங்கேயே பஸ் நின்றும் போயிற்று. அவர் இறங்கிப் போய்க் கரி உலையைக் கிண்டி ஊதி ஓட வைத்தார். முகமெல்லாம் கரியோடு வந்து உட்கார்ந்தார். முந்தானையால் துடைத்துவிட்டேன். பின் சீட்டு ஆச்சி: “புதுசா கெட்டிக்கிட்டதோ?” அவர் “ஆமா ஆச்சி” என்று சொல்லிவிட்டார்!

மணப்பாட்டில் மணல் மேடு, மேட்டுக்கு மேலே கோயில், மூன்று பக்கமும் கடல். காற்றில் சேலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை.

பிலோமினா டீச்சர் உயரம். கண்ணாடி போட்டிருக்கிறார்கள். முதலில் பார்க்கப் பயமாக இருந்தது. முன்னறை மூலையில் ஒரு முக்காலி, அதன் மேல் வெள்ளைத் துவாலை போர்த்தி ஏதோ இருந்தது. துவாலையை எடுத்தார்கள்.

இதை எப்படி எழுதுவது? மினுக்கம் இல்லை, மங்கலும் இல்லை. பட்டைகளில் மாவு மாதிரி ஒரு மணல் பதிவு, வார்த்த மண்ணின் அடையாளம். அதன் மேல் வெளிச்சம் விழுந்து அப்படியே தங்குகிறது, தெறிக்கவில்லை. விளிம்பில் மட்டும் லேத் கோடுகள், முடி மாதிரி, வட்டமாக. அங்கே மட்டும் கொஞ்சம் பளபளப்பு. செய்தவன் எதை மினுக்குவது, எதை விடுவது என்று யோசித்துச் செய்திருக்கிறான். இதைப் போய் மினுக்கித் தொலைக்க இருந்தேனே!

“எட்டு வருஷம் உப்புக்காத்துல எப்படி டீச்சர்?”

“சனிக்கிழம சனிக்கிழம தேங்கா எண்ணெ தொட்டுத் தொடச்சிருவேன். அடுத்தவுக பொருள்லா. கெட்டுப்போச்சுன்னா நல்லாருக்குமா?”

நான் சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். “ஐயா மறந்துட்டுப் போறது நெசமா மறதின்னு நெனச்சியளா?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்கள். கண்ணாடி இல்லாமல் வேறு ஆள். “ரெண்டு தடவ நானே வாசல் வரைக்கும் உருட்டி வச்சேன். அதத் தாண்டிப் போயிட்டு, என்னைய வழியனுப்ப வரச் சொல்லுதாரு. மூணாவது தடவ நான் உருட்டல.”

“பெறகு?”

“எங்கம்ம படுக்கையில கெடந்தாவ. அவுகள விட்டுட்டு எங்கன போக? போன வருசம் தவறிட்டாவ. இந்த ஈஸ்டருக்கு வந்தவர நானே கேட்டுட்டேன். ஸ்டெப்னிய மட்டும் எடுத்துட்டுப் போறியளா, என்னையும் சேத்தான்னு.”

அவர் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியாது.

மற்ற மூன்றிலும் உப்பு அரித்ததில் கோடுகளை நம்பி எண்ண முடியாது. இதில் எண்ணினோம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை. எனக்கு முப்பது வந்தது, அவருக்கு இருபத்தாறு. டீச்சர் புத்தகம் படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணி, “இருபத்தெட்டு” என்றார்கள். கணக்கு டீச்சர். மறுபேச்சு இல்லை. மெல்லிய காகிதத்தை விளிம்பில் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துக் கோடுகளை அப்படியே பதிவு எடுத்துக்கொண்டேன்.

சக்கரத்தையே எடுத்துப் போகலாமா என்று கேட்டதற்கு, “மாட்டேன்” என்றார்கள். “அத அவருதான் வந்து எடுக்கணும்.”

கிளம்பும் முன் கண்ணை மூடி உள்ளங்கையால் ஒரு பட்டையை முழுதாகத் தடவிப் பார்த்தேன். கை மறக்கக் கூடாது.

மே 16, வியாழன்

ஐயாவிடம் சொன்னோம். கண்ணாடி மாதிரி வராது என்றதும் முகம் வாடியது.

“பிலோ என்ன சொன்னா?”

“இதுதான் சரின்னாவ.”

“அப்ப இதுதான் சரி.” முடிந்தது விவகாரம்.

நான் மினுக்கிய ஒரு சாண் இடத்தைத் திரும்ப மினுக்கம் இல்லாமல் ஆக்க அரை நாள். ஈரச் சங்குப்பொடி, நார் பிரஷ். தேய்க்கக் கூடாது, குத்த வேண்டும். குத்திக் குத்தித் தோள்பட்டை போயிற்று. கண்ணை மூடித் தடவினேன். மணப்பாடு.

மே 18, சனி

மூன்று சக்கரம் தயார். கரிச் சக்கரத்தின் பட்டைகளும் குத்தி மாவாக்கியாயிற்று. இனி விளிம்பு. புதிதாகக் கோடு வெட்ட வேண்டும். நம் லேத் சிறிது, சக்கரம் அதில் ஏறாது. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் பெரிய லேத் உண்டு, கேட்டுப் பார்த்தார். வெளி வேலை எடுப்பதில்லையாம்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள். கெடுத்தது நான்.

மே 20, திங்கள்

அவர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே நின்றவர் அப்படியே வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினார். “ஏளா! காரே லேத்துதான்!”

காரின் பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குவது. மற்ற சக்கரங்களுக்குக் கல். கரிச் சக்கரத்தை அந்த அச்சில் மாட்டி, எஞ்சினை ஓட்டி, முதல் கியர். சக்கரம் தன்னால் சுற்றும். எதிரே கனமான மரக்கட்டையில் நம் லேத்தின் வெட்டுளி தாங்கியைத் திருகாணியோடு இறுக்கிவிட்டால், கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உளி நகரும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்ந்தால் அங்குலத்துக்கு இருபத்தெட்டு என்று கணக்குப் போட்டோம்.

நாள் முழுக்கக் கட்டையை ஆடாமல் நிறுத்தவே சரியாகப் போயிற்று. நாளை வெட்டு.

மே 21, செவ்வாய்

காற்று இல்லை. நல்லதற்குத்தான்.

காதர் அண்ணன் காரில் உட்கார்ந்து எஞ்சினை ஒரே வேகத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். வெட்டுகிறது அவர். விளிம்பு மெலிந்திருக்கிறது, ஒரே ஒரு வெட்டுத்தான் தாங்கும். பிசகினால் இன்னொரு தடவை கிடையாது.

எல்லாம் தயார். அவர் கைப்பிடியைப் பிடித்தார். விட்டார்.

“நீ வெட்டு.”

“நானா? நீங்கதான லேத் ஆளு?”

வலது கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்குகின்றன. லேசாக, நிற்காமல்.

“அங்கன ஒருக்க பக்கத்துல குண்டு விழுந்துச்சு. அன்னையிலருந்து. டயர் கழத்தலாம், சுரண்டலாம். நுணுக்க வேலைக்கு ஆவாது. அஞ்சு மாசமா ஒன்ட்ட எப்படிச் சொல்லன்னுதான்…”

அதுதானா! அந்த மௌனமெல்லாம் இதுதானா! நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். என்னைப் பிடிக்கவில்லை, ஷெட்டை நான் நடத்தியது பிடிக்கவில்லை, ஊரைப் பிடிக்கவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். காதர் அண்ணன் காருக்குள்ளிருந்து, “எஞ்சின் சூடாவுதும்மா” என்றார்.

வெட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டார், இடது கையால். மெல்லிய சுருள் பிரிந்து வந்துகொண்டே இருந்தது. முழு விளிம்புக்கும் சில நிமிஷம்தான், எனக்கு அது ஒரு நாள். உளி கடைசி ஓரத்தைத் தாண்டி வெளியே வந்ததும் அவர் “நிப்பாட்டு!” என்று கத்தினார். எஞ்சின் நின்றது.

பென்சில் பதிவை மேலே வைத்தோம். கோட்டுக்குக் கோடு உட்கார்ந்தது.

திரும்பினால் அத்தை. சாப்பிடக் கூப்பிட வந்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே நின்றிருக்கிறார்கள். “எம் மவன் வெட்டுனா ஊரு பூரா சொல்லுவேன்” என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, “நீ வெட்டுனதையும் சொல்லுதேன். இப்பம் சாப்பிட வாங்க.”

மே 23, வியாழன்

சக்கரங்களை வெயிலில் காய வைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், டீச்சர் முறை. நான்கும் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றன. வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் தபால் ஆபீஸ் போய் வந்தார். “கோயம்புத்தூருக்கு ஒரு கார்டு போட்டேன். இங்கன வேலை கெடக்கு, வர முடியாதுன்னு.”

மத்தியானம் மழை மாதிரி இருட்டியது. பெய்யவில்லை. பெய்யாவிட்டால் என்ன.

மே 25, சனி

காரை நானே ஓட்டிப் பார்த்தேன். பீச் ரோடு, உப்பளம் வரை. அவர் பக்கத்தில். அம்பாரம் அம்பாரமாக உப்பு. சக்கரம் ஓடுகிற சத்தம்கூட வேறு மாதிரி, மணி மாதிரி ஒரு லேசான கிண்.

துறைமுக வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டது:

“ஏலே, சக்கரத்துக்கு வர்ணமே அடிக்கலியே.”

“வேலை முடிஞ்சிருக்காது.”

அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கப் பார்த்தார், விளக்கம் சொல்ல. நான் நிறுத்தவில்லை.

மே 27, திங்கள். கல்யாணம்.

மணப்பாட்டிலிருந்தே எழுதுகிறேன். டீச்சரின் அண்ணன் வீட்டுச் சன்னலோரம், பொழுது இப்போதுதான் மங்குகிறது. சேலை காய்ந்துகொண்டிருக்கிறது. காரணம் கீழே.

நாங்கள் காலை பஸ்ஸில் வந்தோம். ஐயா காரில். மணல் ரோட்டுக்குள் கார் திரும்பியதும் பிள்ளைகள் கூட்டம் சக்கரத்தோடு சேர்ந்து ஓடியது. காற்றும் வெயிலும் மணலும், அதற்கு நடுவில் அந்த நான்கு வெள்ளை வட்டங்கள். ஐயா இறங்கி நேரே என்னிடம் வந்தார். “இப்பதான் ஞாபகம் வருது தங்கச்சி. இப்படித்தான் இருந்துச்சு.”

கோயிலில் நாங்கள் பின்வரிசை. தாலி கட்டும்போது ஐயா சத்தமாக மூக்கைச் சிந்தினார். டீச்சர் தன் கைக்குட்டையை நீட்டினார்கள், அவர் பக்கம் திரும்பாமலே.

பிறகு எல்லோரும் டீச்சர் வீட்டு வாசலில். இந்தத் தடவையாவது ஸ்டெப்னியை எடுக்கிறாரா என்று பார்க்க ஊரே நிற்கிறது. அத்தனை பேருக்கும் கதை தெரியும்! ஐயா நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார். இரண்டு கையாலும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். உதவிக்குப் போனவர்களை விலக்கினார். காரின் பின்னால் வைத்து வாரை இழுத்துக் கட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கைதட்டு. அவர் குனிந்து வணங்கி, ஏறி உட்கார்ந்து, எஞ்சினை முடுக்கிக் கிளம்பிப் போய்விட்டார்.

டீச்சர் வாசலில் நிற்கிறார்கள். வெள்ளைச் சேலை, தலையில் பூ முடி, கையைக் கட்டிக்கொண்டு.

இருபது கஜம் போய்க் கார் நின்றது. அப்படி ஒரு சிரிப்பை நான் எங்கும் கேட்டதில்லை. பாதிரியாரே சுவரைப் பிடித்துக்கொண்டார். கார் பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தது. டீச்சர் ஏறி உட்கார்ந்து, “இனி ஓட்டுங்க” என்றார்கள். மணலில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு போனார்கள். திருப்பம் வரை டீச்சரின் தோள் குலுங்கியது தெரிந்தது.

இந்த வேடிக்கையில் எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்தது நாளைக் காலை.

கடலோரம் நடந்தோம். ஆள் இல்லை. அவர் செருப்பைக் கழற்றினார். சட்டையோடு, வேட்டியோடு அப்படியே இறங்கிவிட்டார். கழுத்தளவு தண்ணீரில் நின்று, “ஏளா, வா!” என்கிறார்.

“பட்டுச் சேலைங்க!”

“நனைஞ்சா காயும்!”

போனேன். முதல் அலையிலேயே விழுந்தேன். அவர் பிடித்துத் தூக்கினார், வலது கையால்.

மே 28, செவ்வாய்

மத்தியானம்தான் தூத்துக்குடி வந்தோம். இரண்டு பேருக்கும் தும்மல். நான் படுத்துவிட்டேன்.

ஷெட் வாசலில் யாரோ. சாத்தான்குளத்திலிருந்து வந்தவராம், காரில் என்னவோ வேலை. என் வீட்டுக்காரர் குரல் கேட்டது:

“இரிங்க அண்ணாச்சி. மொதலாளியம்மா தூங்குதா. எந்திரிச்சதும் கேட்டுச் சொல்லுதேன்.”

நான் தூங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தூங்குகிற மாதிரியே இருந்தேன்.